இரண்டாவது இன்ஜின் எதற்கு?

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அவுட்போர்டு இன்ஜின் பழுதுபார்ப்பது என் தொழில். ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான் அவுட்போர்டு. மேலே சிலிண்டர், நடுவில் நீண்ட தண்டு, தண்ணீருக்குள் புரொப்பெல்லர். கடலுக்குப் போகாத நாளில் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம்.

புது வள்ளம் இறக்கப்போகிறவர்கள் இன்ஜின் வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். ரெண்டு இன்ஜின் போடப்போறேன், எத்தனை ஹெச்.பி. போடலாம், பதினைந்தா, இருபத்தைந்தா, நாற்பதா என்பார்கள். பக்கத்து வள்ளக்காரர் என்ன போட்டிருக்கிறார் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

நான் திருப்பி ஒன்று கேட்பேன். மார்கழி வாடை முகத்தில் அடிக்கிறது. வள்ளம் நிறைய மீன். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எதிரே ஓடுகிறது. இரண்டில் ஒரு இன்ஜின் நின்றுபோனது. மிச்சமிருக்கும் ஒன்று உங்களைக் கரை சேர்க்குமா? சேர்க்கும் என்றால் அந்த அளவு போதும். சேர்க்காது என்றால், நீங்கள் வாங்கப்போவது இரட்டை இன்ஜின் வள்ளமே இல்லை. ஒரே இன்ஜினை இரண்டு துண்டாக வாங்குகிறீர்கள்.

எங்கள் கரையில் இன்ஜினுக்கு வயது அதிகமில்லை. கட்டுமரமும் பாயும் துடுப்புமாக இருந்த ஊர்கள் இவை. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே முட்டத்தில் தங்கி ப்ளைவுட் வள்ளங்களைக் கட்டிப் பழக்கினார். பிறகு ஃபைபர் வந்தது. 7, 8 ஹெச்.பி.யாக இருந்த இன்ஜின் 9.9-க்கு ஏறியது. இந்த 9.9 என்ற எண்ணைப் பார்த்து, ஒரு புள்ளி கூட்டிப் பத்தாக்கினால் என்ன என்று கேட்காதவர் இல்லை. காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பல ஏரிகளில் 10 ஹெச்.பி. வரைதான் அனுமதி, அந்த வேலிக்குள் நிற்பதற்காகப் பிறந்த எண் நம் கடலிலும் ஓடுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் சுசூகியின் 9.9, 15 இரண்டுக்கும் சிலிண்டர் கொள்ளளவு 284 சி.சி.தான். யமஹாவில் இரண்டுக்கும் 246 சி.சி. ஒரே உடம்பில் மூச்சைக் கொஞ்சம் அடக்கி வைத்ததுதான் 9.9. அது நீண்டநாள் உழைப்பதற்கு அந்த அடக்கமும் ஒரு காரணம் என்பது என் அனுபவம்.

இனி கணக்குக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பரவலாக ஓடும் 28 அடி வள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வள்ளம் ஏறக்குறைய 800 கிலோ. ஐந்து ஆள் 350. வலை 300. ஐஸ், எண்ணெய், தண்ணீர், இன்ஜின்கள் 200. சுமாராக மீன் பட்ட நாளில் 350. ஆக 2 டன். சாளை கூட்டமாகப் பட்டால் இதையும் தாண்டும். ஆனால் இன்ஜின் வாங்க வருகிறவர் மனதில் இருப்பது 800 கிலோதான். பட்டறையில் பெயின்ட் காயாமல் நிற்கும் வள்ளத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்திருப்பார்.

வள்ளம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது முன்னால் ஓர் அலையும் பின்னால் ஓர் அலையும் எழும். வேகம் கூடக்கூட இந்த இரண்டு அலைக்கும் இடைவெளி கூடும். ஒரு கட்டத்தில் வள்ளத்தின் நீளமும் அலையின் நீளமும் சமமாகிவிடும். 28 அடிக்கு அந்த வேகம் ஏறக்குறைய 7 நாட், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமானால் வள்ளம் தன் அலை மீதே ஏற வேண்டும். மேட்டில் சைக்கிள் மிதிப்பது போலத்தான், மிதி முழுக்க மேட்டுக்கே போய்விடும். எங்கள் வள்ளங்கள் ஒடுக்கமானவை என்பதால் 8 வரை தட்டுத்தடுமாறி எட்டும். இந்த வகை ஓட்டத்தில் சக்தியை இரண்டு மடங்காக்கினால் வேகம் கால் பங்குதான் கூடும். ஒரு 9.9-இல் ஆறரை நாட் ஓடுகிற வள்ளம், இரண்டு 9.9 போட்டால் 8 நாட் ஓடும். 13 ஓடாது.

இதற்கு எவ்வளவு எண்ணெய் எரிகிறது? டூ-ஸ்ட்ரோக் 9.9 முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கும். 15 நாட்டிக்கல் மைல் தொலைவுக்கு ஒற்றை இன்ஜினில் 2 மணி 18 நிமிடம், பதினொன்றரை லிட்டர். இரண்டையும் போட்டு ஓட்டினால் 1 மணி 52 நிமிடம், பத்தொன்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போக 7 லிட்டர், வர 7 லிட்டர் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது, வழிக்கு 26 நிமிடம்.

அந்த 26 நிமிடம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். விடியற்காலை ஏலத்தில் முதலில் கூடையை இறக்கும் வள்ளத்துக்கு ஒரு விலை, ஐந்தாவதாக வரும் வள்ளத்துக்கு ஒரு விலை. சாளை, நெத்திலிக்காரருக்கு அது காசு. ராத்திரி முழுக்க வலையை மிதக்கவிட்டுக் காத்துக்கிடக்கிறவருக்கு 26 நிமிடம் முன்னால் போய் என்ன ஆகப்போகிறது? தூண்டில்காரருக்கும் அப்படித்தான். இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கிறோம். முதலாளி ஆசைப்பட்டு மாட்டிய ஹெச்.பி.க்கு வள்ளத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் பங்குப் பணத்திலிருந்து கொடுக்கிறார்.

சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் நம் கடற்கரைகளுக்காகப் படகு வரைந்த நார்வேக்காரர் ஓய்விண்ட் குல்பிராண்ட்சென். சின்ன மீன்பிடிப் படகுகளில் எண்ணெய் மிச்சம் பிடிப்பது பற்றி அவர் எழுதிய கையேட்டை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2012-இல் வெளியிட்டது. வேகத்தைக் குறைப்பதுதான் மலிவான மிச்சம் என்பதை அதில் விடாமல் சொல்கிறார். பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் நிற்கும். இதைச் சொன்னால் எங்கள் பையன்கள் சிரிப்பார்கள். திராட்டில் இருப்பதே முறுக்கத்தானே என்பார்கள்.

என் அக்கா மகன் புது வள்ளத்துக்கு இரண்டு 25 போட வேண்டும் என்று வந்து நின்றான்.

“மாமா, ரெண்டு 25 போட்டா வள்ளம் பறக்கும்லா?”

“பறக்கும்லே மக்கா. மீன ஏலம் போட்டு எறக்கின பொறவு பறக்கும்.”

கேலிக்குச் சொன்னதில்லை. வள்ளம் தண்ணீரைத் தள்ளாமல் அதன்மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமானால் ஒரு ஹெச்.பி.க்கு 25 கிலோவுக்கு மேல் சுமை இருக்கக்கூடாது என்பது கைக்கணக்கு. 2 டன்னுக்கு 80 ஹெச்.பி. வேண்டும். அவன் கேட்பது 50. வலையும் மீனும் இல்லாமல், ஆளும் கொஞ்சம் எண்ணெயுமாக 1,250 கிலோவுக்குள் சோதனை ஓட்டம் போனால் வள்ளம் அழகாக எழும்பும். கடைக்காரர் காட்டுவதும் அந்த ஓட்டம்தான். சுமை ஏறியதும் கீழே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த வள்ளத்தில் 20 ஹெச்.பி.யை 50 ஆக்கினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். எண்ணெய் மட்டும் இரண்டரை மடங்கு. அதனால் 28 அடி வள்ளத்தில் இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வாங்குகிறதெல்லாம் பெரும்பாலும் தண்டம் என்பது என் கட்சி. ஒன்று தள்ளிக்கொண்டு போகும் வள்ளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடியைத் தட்டையாக அமைத்து, இரண்டு 40 போட்டு, அந்த எண்ணெய்க்கு ஏற்ற மீனை நாள்தோறும் பிடியுங்கள். கேரளத்தில் வளையவலை வள்ளங்களில் இரண்டு மூன்று 40 தொங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வள்ளங்களில் முப்பது நாற்பது பேர் ஏறுகிறார்கள், வலை மட்டுமே டன் கணக்கு. அது வேறு வள்ளம், வேறு கணக்கு.

வேகத்தைவிட முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. அங்கே மட்டும் கூடுதல் ஹெச்.பி. கேட்பவரிடம் நான் வாதாடமாட்டேன். அலை முறியும் இடம்தான் அது. ஆனி, ஆடியில் எங்கள் கரையைப் பார்க்காதவர்களுக்கு அது புரியாது. விசைப்படகுகளுக்கு மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்ன வள்ளங்கள் அப்போதும் போகும், அப்போதுதான் மீனும் கரைக்கு வரும். வள்ளத்தை இறக்கி, முன்பக்கமான அணியத்தைக் கடலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பெரிய அலை வரிசை ஓயும்வரை நிற்பார்கள். ஓய்ந்ததும் இரண்டு இன்ஜினும் முழு மூச்சில் பிடித்தாக வேண்டும். நடுவில் ஒன்று இருமி நின்றால், மற்றது வள்ளத்தை அலைக்கு நேராக வைத்திருக்கும். ஒற்றை இன்ஜின் வள்ளத்தில் அது நின்ற நொடியே வள்ளம் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய வள்ளத்தை அடுத்த அலை புரட்டும். குழித்துறை ஆறு கடலில் விழும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் மணல் மேடிட்டு, வள்ளம் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே ஆழ்கடலில் ஒரே இன்ஜினில் சிக்கனமாக ஓடுகிறவரும் அலை முறியும் இடத்துக்கு வருமுன் இரண்டையும் ஸ்டார்ட் செய்துவிட வேண்டும். அங்கே வேண்டியது உந்தும் பலம். இரண்டு 15 அந்த இடத்தில் இரண்டு 9.9-ஐவிட நிச்சயம் நல்லது.

ஆனால் கரையில் இழுத்துப் போடும் ஊரா, துறைமுகத்தில் கட்டும் ஊரா என்று முதலில் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் 9.9 சுமார் 36 கிலோ. ஒரு ஆள் தோளில் வைத்து மணலில் நடந்துவிடுவார். 15-ம் அதே எடைதான், உடம்பு ஒன்றல்லவா? 25 ஐம்பது கிலோவைத் தொடும். 40 எழுபதைத் தாண்டும். கரை ஊர்களில் நாள்தோறும் அதைக் கழற்றி மாட்ட யாருக்கு முதுகு இருக்கிறது? பின்பலகையில் தொங்கும் எடை கூடினால் பின்பக்கமான அமரம் தாழ்ந்து, பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும். ஃபைபர் பின்பலகையின் மூலையில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால் அந்த வள்ளம் தாங்கும் அளவைவிடப் பெரிய இன்ஜின் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வள்ளம் வாங்குகிறவர்கள் அங்கே விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

நான்கு-ஸ்ட்ரோக் போடலாமா என்றும் கேட்கிறார்கள். எண்ணெய் மிச்சம்தான், சத்தமும் புகையும் குறைவு. எடை கூடுதல், பெட்ரோலில்தான் ஓடும், கடற்கரையில் உட்கார்ந்து ஸ்பேனரை வைத்து அவிழ்த்து மாட்டுகிற சங்கதி இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் வாங்குங்கள்.

இன்ஜின் அளவை மட்டும் பேசி முடித்துவிடுகிறவர்கள் மறந்துவிடுகிற சின்ன விஷயம் டாங்க். எங்கள் இன்ஜின்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கார்புரேட்டரைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் இழுத்து இழுத்துக் கை ஓயும். இப்போது இரண்டு இன்ஜினுக்கும் ஒரே மண்ணெண்ணெய் டாங்கிலிருந்து குழாய் போட்டிருக்கிறார் ஒருவர் என்று வையுங்கள். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் கலந்திருந்தால் இரண்டு இன்ஜினும் ஐந்து நிமிட இடைவெளியில் நின்றுவிடும். பழுதுபார்க்க என்னிடம் வரும் ‘ரெண்டும் நின்னுபோச்சு’ கதைகளில் பாதிக்கு மேல் இதுதான். இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது. கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைப்பேன். மேலே மண்ணெண்ணெய், அடியில் தெளிவாகத் தண்ணீர். இன்ஜின் இரண்டு வாங்கும் பணத்தில் டாங்கும் வடிகட்டியும் இரண்டிரண்டாக வாங்குவது பெரிய செலவே இல்லை.

அடுத்தது புரொப்பெல்லர். அதன் முறுக்கம், அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற அளவு, வேகப் படகுக்குக் கூட இருக்கும், சுமை வள்ளத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கடையில் பெட்டியோடு வருவது எல்லாருக்கும் பொதுவான அளவு. முழுச் சுமையில், திராட்டிலை முழுக்கத் திறந்தால் இந்தச் சிறிய டூ-ஸ்ட்ரோக்குகள் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று வரை ஓட வேண்டும். நாலாயிரத்தில் திணறினால் இன்ஜின் சிறிதல்ல, புரொப்பெல்லர் பெரிது. ஒரு அங்குலம் குறைந்த முறுக்கம் மாட்டினால் ஏறக்குறைய 200 சுற்று ஏறும். இரட்டை இன்ஜினில் இது இன்னும் முக்கியம். இரண்டும் சேர்ந்து ஓடும்போது சரியாக இருக்கும் புரொப்பெல்லர், ஒன்று நின்றதும் மற்றதன் கழுத்தை நெரிக்கும். வேகத்துக்காக மாட்டிய இரண்டு 40-இல் ஒன்று நின்றால் மற்றது இந்தத் திணறலில்தான் சூடாகும். நின்ற இன்ஜினைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடவும் மறக்கக்கூடாது. உள்ளேயே கிடந்தால் அது பிரேக்.

ஒன்று புதிய 15, மற்றது வீட்டில் கிடக்கும் பழைய 9.9 என்று ஜோடி சேர்க்கிறவர்களும் உண்டு. பழையதை மேலே தூக்கிவைத்து அவசரத்துக்கு மட்டும் என்றால் சரி. ஆனால் மாதக்கணக்கில் ஓடாத இன்ஜின் அவசரத்துக்கு உதவாது; கார்புரேட்டரில் பசை பிடித்திருக்கும், தண்ணீர் ஓடும் வழியில் உப்பு அடைத்திருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது அதிலேயே கடலுக்குப் போய் வர வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் அந்தத் தொல்லையே இல்லை. ஒரு பிளக், ஒரு இம்பெல்லர், ஒரு புரொப்பெல்லர் பெட்டியில் கிடந்தால் இரண்டுக்கும் ஆகும். ஒன்று செத்துப்போனால் அதன் உடம்பிலிருந்து கழற்றி மற்றதை வாழவைக்கலாம்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்த பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள், வள்ளத்தில் ரெண்டு இன்ஜின் இருக்கா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த மாதிரிப் புயலை எந்த ஹெச்.பி.யும் எதிர்க்காது. ஒயர்லெஸ்ஸும் வானிலை எச்சரிக்கையும்தான் அதற்கு மருந்து. ஆனால் சாதாரண நாளில் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நீவாட்டில் இழுபட்டுப் போகிறவருக்கு இரண்டாவது இன்ஜின்தான் எல்லாம். அந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஒற்றை 9.9, முழுச் சுமை, எதிர்க்காற்று: 5 நாட் கிடைக்கும். எதிர் நீவாடு 2 நாட் என்றால் நிகரம் 3. 15 மைலுக்கு 5 மணி நேரம், 25 லிட்டர். இந்த 25 லிட்டர் தனி கேனில் தொடாமல் இருக்க வேண்டும். போகும் வழிக்கான எண்ணெயில் இது சேராது.

28 அடி, ஐந்து ஆள், 15 மைல் எல்லை, கரையில் இழுத்துப் போடும் ஊர் என்றால் என் தீர்ப்பு இரண்டு 9.9. பொழிமுகம் தாண்டவேண்டிய ஊர், அல்லது ஆடிமாதக் கடலுக்குப் போகிறவர் என்றால் இரண்டு 15. அக்கா மகன் 25-இலேயே நிற்கிறான், கடனும் கேட்டிருக்கிறான். கேட்கிற காது இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்குமுன் வள்ளத்தில் ஆளையும் சேர்த்து ஒரு டன் வரும்படி மணல் மூட்டை ஏற்றுங்கள். ஒரு இன்ஜினைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடச் சொல்லுங்கள். மற்றதில் மட்டும் காற்றுக்கு எதிரே ஓட்டிக் காட்டச் சொல்லி, ஜி.பி.எஸ்.-இல் 5 நாட் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் இன்ஜின் வாங்காதீர்கள்.